மூட்டையும் திறவுகோலும்

போடிநாயக்கனூருக்கு விலை ஏறுவதும் இறங்குவதும் புதிதன்று. 2019-இல் கிலோ 7,000 உருபாவைத் தொட்ட ஏலக்காய், பின்னர் ஆயிரத்திற்குக் கீழும் சரிந்தது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலத்தில் வணிகர் பொத்தானை அழுத்தி விலை கேட்பதைக் கண்டு வளர்ந்த ஊர் இளையோர், கைப்பேசியிலேயே பிட்காயின் முதலிய மறைக்காசுகளை வாங்கி விற்கத் துணிவதில் வியப்பென்ன? (செடியின் பெயராகிய ஏலம் தமிழ், விற்பனையின் பெயராகிய ஏலம் போர்த்துகீசியம். இரண்டும் ஒரே கூரையின்கீழ்க் குடியிருக்கும் ஊர் போடி!)

இவ்வணிகம் நன்றா தீதா என்பது வேறு வழக்கு. 2024 சூலையில் வசீரெக்சு என்னும் மாற்றகம் கொள்ளைபோனபோது கைப்பொருள் முடங்கித் தவித்தோர் பலர். ஆயினும் இது குற்றமன்று. வைப்பகங்கள் இவ்வணிகர்க்குத் துணைபோகலாகாதென 2018-இல் இந்தியச் சேம வைப்பகம் இட்ட ஆணையை, 2020 மார்ச்சு 4-இல் உச்ச வழக்குமன்றம் நீக்கிற்று. 2022 முதல் ஊதியத்தில் நூற்றுக்கு முப்பது வரியாகப் பிடுங்குகிறது தில்லி. மறைக்காசும் உடைமையே என 2025 அக்தோபரில் சென்னை உயர் வழக்குமன்றம் தீர்ப்புரைத்தது.

உடைமையெனின் அதன் திறவுகோல் எங்குள்ளது? மாற்றகத்தை நம்பாது தானே காசை வைத்திருப்பவனுக்கு அது பன்னிரண்டு சொற்களோ இருபத்துநான்கு சொற்களோ கொண்ட மீட்புத்தொடர். பலர் அதனைக் கைப்பேசியிலேயே குறித்து வைக்கின்றனர். அறியாமைதான், ஆனால் நடப்பு அதுவே. சாவடியில் ஏலக்காய் மூட்டையைக் கைப்பற்றினால் எடைபோட்டுச் சான்றாளர் ஒப்பம் பெற்று முத்திரை வைப்பர். மூட்டையைப் பார்த்த கண்ணுக்கு ஒரு காயும் உடன் வாராது. மீட்புத்தொடரைப் பார்த்த கண்ணுக்கோ முழு மூட்டையும் கைவயமாகும். வேறொரு கைப்பேசியில் அச்சொற்களை இட்டு நொடியில் காசைப் பெயர்த்துவிடலாம். மீட்டுத்தர எந்த வைப்பகமும் இல்லை.

முந்தலிலோ போடிமெட்டிலோ வண்டியை நிறுத்திக் கஞ்சா தேடும் காவலர், "கைப்பேசியைத் திற" என்றால் அவ்விளைஞன் என் செய்வான்? இது வெற்றச்சமன்று. 2021 அக்தோபரில் ஐதராபாத்துக் காவலர் வழிச்செல்வோரை மறித்து, அவர்தம் புலனத்தில் 'கஞ்சா' என்னும் சொல்லைத் தேடிய காட்சியை நாடே கண்டது.

தனிமறைவு அடிப்படை உரிமையென 2017 ஆகத்து 24-இல் ஒன்பது நடுவர் ஒருமுகமாய்த் தீர்ப்பளித்தனர். தனக்கெதிராய்த் தானே சான்றாகுமாறு குற்றஞ்சாட்டப்பட்ட எவரையும் கட்டாயப்படுத்தலாகாதென்பது அரசியற்சட்டத்தின் 20(3). கடவுச்சொல்லைக் கொடுப்பது அவ்வகைச் சான்றாகாது என்றது கருநாடக உயர் வழக்குமன்றம், 2021-இல். அதைக் கேட்டு வற்புறுத்தலாகாது என்றது தில்லித் தனி வழக்குமன்றம், 2022-இல். ஒரே சட்டம், இரு முகம்!

2024 சூலை முதல் 'பாரதிய நாகரிக் சுரக்சா சன்கிதா'வாம். பெயரே வாயில் நுழையாத இச்சட்டத்திலும் ஒரு நன்மை உண்டு: அதன் 105-ஆம் பிரிவு, தேடுதலையும் கைப்பற்றலையும் ஒலி ஒளியாய்ப் பதியச் சொல்கிறது. தமிழக இளைஞன் இதனை எப்பெயரால் கேட்டுப் பெறுவான்?

குற்றவாளி தப்பிவிடுவானே என்பர். 2023 மார்ச்சு முதல் மாற்றகங்கள் கறுப்புப்பணத் தடுப்புச் சட்டத்திற்கு உட்பட்டவை. வாடிக்கையாளரின் அடையாளமும் கணக்கும் அவற்றிடம் உள்ளன. எழுத்தால் கேட்டுப் பெறலாம். அதற்கு வழிப்போக்கனின் கைப்பேசி எதற்கு?

காவல்துறை மாநில அரசின் கையிலுள்ளது. தில்லியை எதிர்பாராமலே சென்னை ஆணையிடலாம்: நடுவரின் எழுத்தாணையின்றிச் சாலைச் சோதனையில் எவர் கைப்பேசியையும் திறக்கலாகாது. வழக்கிற்குத் தேவையெனின் அணைத்து, உறையிலிட்டு, உடையவன் கண்முன்னே முத்திரை வைத்தல் வேண்டும். கைப்பற்றுப் பட்டியலைத் தமிழில் எழுதி, அவன் படித்துப் பார்த்தபின் ஒப்பம் பெற்று, ஒரு படியை அவ்விடத்திலேயே அவன் கையில் கொடுத்தல் வேண்டும்.