மேன்ஷனில் ஓர் இரவு

சென்னை கலைவாணர் அரங்கில் கருத்தரங்கு என்றால், வெளியூர்க்காரர்களுக்கு ஏற்பாட்டாளர்கள் கைகாட்டுவது பெரிய ஓட்டல்களைத்தான். அரங்கம் இருக்கும் வாலாஜா சாலையிலிருந்து பொடிநடையாகப் போனால் திருவல்லிக்கேணி; சந்துக்குச் சந்து மேன்ஷன். வேலை தேடி வந்த பிரம்மச்சாரிகளின் கோட்டைகள் அவை. சிலவற்றில் நாள் வாடகைக்கும் அறை உண்டு. கட்டில் போட்டால் மிச்சம் நடக்க ஓரடி, கொடியில் அடுத்த அறைக்காரரின் லுங்கி, காலையில் பக்கெட்டோடு வரிசை. (வசதியை மட்டும் கேட்காதீர்கள்.) ஆனால் விடிந்ததும் ரத்னா கஃபேயில் சாம்பாரில் மூழ்கிய இட்லி, பக்கத்திலேயே பார்த்தசாரதி கோயில், 1795-இல் கட்டிய வாலாஜா பள்ளிவாசல். எந்த நட்சத்திர ஓட்டல் இதைத் தரும்? குறை ஒன்று, பெரிய குறை: பெரும்பாலான மேன்ஷன்களில் பெண்களுக்கு அறை கிடையாது. உரிமையாளர்கள் ஒரு மாடியையாவது அவர்களுக்கு ஒதுக்கட்டும்.