எலி கடிச்ச வயரும் 42,000 ரூபாயும்

கார் பத்தி எழுதுற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லைங்க. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஸ்டெப்னி மாத்துறதும் கண்ணாடி துடைக்கிறதும்தான். ஆனா போன மாசம் எங்க வீட்டுல நடந்த கூத்தைப் பார்த்த பிறகு இதை எழுதாம இருக்க முடியலை.

அக்கா வீட்டுக்காரர் அரக்கோணத்துல டாக்ஸி ஓட்டுறார். ஸ்டேஷன்ல இறங்குறவங்களைத் திருத்தணி மலைக்குக் கூட்டிட்டுப் போறது, கிருத்திகைன்னா நாலஞ்சு நடை, நடுநடுவுல திருப்பதி சவாரி. வண்டி ஓடினாத்தான் வீட்டுல அடுப்பு எரியும். ஒருநாள் காலையில திருத்தணி ரோட்டுல போயிட்டு இருக்கும்போது ஸ்பீடாமீட்டர் முள்ளு பொத்துன்னு சைபர்ல விழுந்துடுச்சு. ஏபிஎஸ் விளக்கு, கூடவே இன்னும் ரெண்டு மூணு விளக்கு, டேஷ்போர்டு முழுக்கக் கார்த்திகை தீபம்!

பெரிய சர்வீஸ் சென்டர் ஒண்ணுக்குக் கொண்டு போனார். ஸ்கேனரை மாட்டினாங்க. அஞ்சே நிமிஷம். "யு0121 வருது சார். ஏபிஎஸ் மாட்யூல் பேசலை. போயிடுச்சு. புதுசு போடணும், 42,000 ஆகும்." அவ்ளோதான் வைத்தியம். மாமா வீட்டுக்கு வந்து அக்கா வளையலை அடகு வைக்கிறது பத்திப் பேச ஆரம்பிச்சுட்டார்.

அந்தக் கோடு பொய் சொல்லலை. அதுக்கு அவங்க சொன்ன அர்த்தம்தான் தப்பு.

கொஞ்சம் விளக்கிடறேன். இப்போ வர்ற கார்ல இன்ஜினுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரேக்குக்கு ஒண்ணு, ஏர்பேக்குக்கு ஒண்ணு, மீட்டருக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்கு. ஒவ்வொண்ணுக்கும் இடையில தனி வயர் இழுத்தா வண்டியில ஆள் உட்கார இடம் இருக்காது. அதுக்காக 1983ல பாஷ் கம்பெனி ஆரம்பிச்சு 1986ல வெளியிட்ட முறைதான் கேன் பஸ் (தண்ணி கேன் இல்லைங்க!). முறுக்கின ரெண்டே ரெண்டு வயர். எல்லா கம்ப்யூட்டரும் அதுலயே பேசும், அதுலயே கேக்கும்.

யு-ல ஆரம்பிக்கிற கோடெல்லாம் இந்தப் பேச்சுவார்த்தை சம்பந்தப்பட்டது. யு0121ன்னா ஏபிஎஸ் குரல் கேக்கலைன்னு மத்த மாட்யூல் எழுதி வெச்ச புகார். ஏன் கேக்கலைன்னு அதுல இல்லை. ஏபிஎஸ்-க்கு கரண்ட் போகாம இருக்கலாம், எர்த் லூசா இருக்கலாம், சாக்கெட்டுல பச்சை பிடிச்சிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், கடைசியா மாட்யூலே போயிருக்கலாம். அவங்க எடுத்த எடுப்புலயே கடைசிக்குப் போயிட்டாங்க.

நம்ம ஊரு ரயில்வே ஊரு. பக்கத்து ஸ்டேஷன்ல இருந்து பதில் வரலைன்னா முதல்ல லைனைப் பாப்பாங்களா, ஸ்டேஷன் மாஸ்டரை மாத்துவாங்களா?

மாமாவோட சிநேகிதர் ஒருத்தர் சொல்லி, ஊர்லயே வயரிங் வேலை பாக்குற ஒரு பாய்கிட்ட போனோம். தகரக் கொட்டாய், ஒரு பழைய மல்டிமீட்டர். கோடைச் சொன்னதும் சிரிச்சார். "தம்பி, யாரு பேசலைன்னு கோடு சொல்லும். ஏன் பேசலைன்னு நாமதான் போய்ப் பாக்கணும்."

அவர் செஞ்சதைப் பக்கத்துல நின்னு பார்த்தேன். முதல்ல பேட்டரி வோல்டேஜ். அப்புறம் ஏபிஎஸ் ஃப்யூஸ். அடுத்து ஏபிஎஸ் சாக்கெட்டுலயே கரண்டும் எர்த்தும் வருதான்னு பார்த்தார். வந்துச்சு. பிறகு பேட்டரியைக் கழட்டிட்டு அஞ்சு நிமிஷம் பீடி குடிச்சார். ஸ்டியரிங்குக்குக் கீழ ஸ்கேனர் மாட்டுற 16 பின் சாக்கெட்டுல 6க்கும் 14க்கும் நடுவுல ஓம்ஸ் வெச்சார். 120 காட்டுச்சு.

"60 வரணும் தம்பி." அந்த ரெண்டு வயரோட ரெண்டு கோடியிலயும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் ஒண்ணொண்ணு இருக்குமாம். ரெண்டும் சேர்ந்தா 60. 120 வந்தா ஒரு கோடி அறுந்து தனியா நிக்குதுன்னு அர்த்தம். சைபர் பக்கம் வந்தா ரெண்டு வயரும் ஒட்டிக்கிச்சுன்னு அர்த்தம். இந்த வண்டியில ஒரு கோடி இன்ஜின் கம்ப்யூட்டர், இன்னொரு கோடி ஏபிஎஸ். ஏபிஎஸ் சாக்கெட்டைப் பிடுங்கி மாட்யூல் பின்னுல வெச்சார், 120 சரியா இருந்துச்சு. வயர் பக்கம் வெச்சார், ஒண்ணுமே காட்டலை.

அப்புறம் என்ன, வயரைத் தொட்டுக்கிட்டே போனார். முன் சக்கரத்துக்கு மேல பிளாஸ்டிக் மூடியைக் கழட்டினா உள்ள வைக்கோலும் துணிக்கிழிசலுமா ஒரு எலிக்கூடு! மாமா வண்டி நிறுத்துறது நெல் வயல் ஓரத்துல. ரெண்டு வயர்ல ஒண்ணு சுத்தமா கடிபட்டிருந்துச்சு. சால்டர் வெச்சு, ஸ்லீவ் போட்டு, மறுபடியும் முறுக்கிக் கட்டினார். மீட்டர்ல 60. வண்டியை ஓட்டினா முள்ளு எழுந்துடுச்சு. கூலி 800 ரூபா.

பாய் கெட்டிக்காரர், சர்வீஸ் சென்டர் திருடன்னு நான் சொல்ல வரலை. நிஜமாவே மாட்யூல் போற வண்டியும் உண்டு. அப்படிப் போயிருந்தா பாயால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. ஏன்னா பல வண்டியில புது மாட்யூலை மாட்டினா மட்டும் போதாது, கம்பெனி சாஃப்ட்வேர் வெச்சு அந்த வண்டிக்குப் பழக்கணும். அந்தக் கருவியும் வயரிங் படமும் பாய் கையில இல்லை. அவர் மூணு மணி நேரம் தடவித் தேடினதை, படம் இருந்தா அரை மணியில முடிச்சிருப்பார்.

இது புதுப் புகார் இல்லை. ஷம்ஷேர் கட்டாரிங்கறவர் 2011ல இதையே காம்பெடிஷன் கமிஷனுக்கு எடுத்துட்டுப் போனார். உதிரி பாகமும் சோதனைக் கருவியும் வெளி மெக்கானிக்குக் கிடைக்காமப் பண்றாங்கன்னு, 2014 ஆகஸ்ட்ல 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டாங்க. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனாங்க. 2022ல மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்குன்னு ஒரு இணையதளமும் திறந்துச்சு. நல்ல விஷயம்தான். ஆனா அரக்கோணத்துத் தகரக் கொட்டாய்க்கு அந்த வயரிங் படம் வந்து சேர்றப்போதான் நான் கை தட்டுவேன்.

அதுவரைக்கும் நம்ம கையில இருக்கிறது மூணு கேள்வி. யு கோடு வந்து மாட்யூல் மாத்தணும்னு யாராவது சொன்னா கேளுங்க. அந்த மாட்யூலுக்குக் கரண்டும் எர்த்தும் வருதான்னு பார்த்தீங்களா? 6க்கும் 14க்கும் நடுவுல எத்தனை ஓம்ஸ்? மாட்யூல்ல இருந்து வயர் தொடர்ச்சியா இருக்கா? பதில் சொல்ல முடியலைன்னா அவங்க இன்னும் சோதிக்கவே இல்லைன்னு அர்த்தம். பணத்தை எடுக்காதீங்க.

அக்கா வளையல் கையிலயே இருக்கு. மாமா இப்போ வண்டியை வயலோரத்துல நிறுத்துறதில்லை. எலி மட்டும் வேற வீடு தேடிக்கிட்டு இருக்கும், பாவம் :-)