கோழிக்கு வாராத ஏற்புவலி

உரும்பிராய்ச் செம்மண் தோட்டங்களிலே எருவிட்ட மண்ணைக் கோழிகள் பொழுதெல்லாம் கிளறித் திரிகின்றன. காலில் முள் ஏறினும் அவற்றுக்கு ஏற்புவலி கண்டதென்று நாம் கேட்டதில்லை. அதே மண்ணில் வெறுங்காலுடன் மண்வெட்டி பிடிக்கும் கமக்காரருக்கோ ஓர் ஆணி ஆழக் குத்தினாற் போதும். நலமடித்த புண் ஆறாத கிடாய்க்குட்டியும் இந்நோயால் விறைத்து மடிவதுண்டு.

அழுக்கில் வளர்வதனாற் கோழிக்கு உரம் மிகுதி என்பர் சிலர். குதிரையும் சாணத்தின் நடுவேதான் வளர்கின்றது; எனினும் அதனைப்போல் எளிதில் இந்நோய்க்கு இரையாகும் பிராணி அரிது. ஆகவே விடை வேறிடத்தில் இருத்தல் வேண்டும்.

ஏற்புவலிக் கிருமி தான் புகுந்த புண்ணிலேயே தங்கிவிடுகின்றது. அது கக்கும் நஞ்சே நரம்பு வழியே ஏறி உடலை வில்லாய் வளைக்கின்றது. தொண்டைக் கரப்பனும் இவ்வாறு நஞ்சினால் வருவதே. 1888 இல் பிரெஞ்சு அறிஞர் றூவும் யெர்சினும் அதன் கிருமிகளை வடித்து நீக்கி, எஞ்சிய நீரை மட்டும் பிராணிகளுக்கு ஏற்றினர். கினிப்பன்றிகள் மாண்டன, எலிகளோ பெரிதும் தாங்கி நின்றன. இவ்வதிசயத்தின் காரணம் ஒரு நூற்றாண்டின் பின்னரே துலங்கிற்று. உடலின் கலங்களுடைய மேற்பரப்பிலே பல புரதங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று பூட்டாக அமைய, அதனைத் திறந்துகொண்டு இந்நஞ்சு உட்புகுகின்றது. எலியின் பூட்டு சிறிது வேறுபட்டது, திறவுகோல் பொருந்தாது. 1992 இல் குரங்கின் பரம்பரையலகை எலியின் கலங்களிற் புகுத்தியதும், அதுவரை அசையாதிருந்த அக்கலங்கள் நஞ்சுக்கு இரையாயின. எலியைக் காத்தது உடல்வலிமை அன்று, கதவு திறவாமையே!

கோழியின் கதை இன்னும் நுட்பமானது. ஏற்புவலி நஞ்சு நரம்புக் கலத்தினுட் சென்று, அங்குள்ள புரதம் ஒன்றைக் கத்தரிக்கோல்போல் வெட்டுகின்றது. தசையை அடக்கும் செய்தி அதனால் நின்றுபோகத் தசைகள் இறுகுகின்றன. எலியிலும் கோழியிலும் அப்புரதத்தின் ஒரு வகையில், வெட்டு விழும் இடத்திலேயே ஓர் அமினோவமிலம் மாறியிருப்பதை 1993 இல் எடுத்துக்காட்டினர். அவ்விடத்திற் கத்தரி பாய்வதில்லை.

நமக்கு அந்த வாய்ப்பில்லை, ஊசிதான் துணை. ஊசியால் உண்டாகும் எதிர்ப்பொருளும் குருதியில் உலவும் நஞ்சைத்தான் பற்றும். நரம்பினுள் நுழைந்துவிட்டதைத் தொடமாட்டாது. 1890 இல் பேரிங்கும் கித்தசாத்தோவும் கண்ட வழியிலே, புண்பட்டோருக்கு ஏற்றும் எதிர்ப்பொருளை நெடுங்காலம் நமக்கு ஈந்த பிராணி எது தெரியுமா? இந்நோய்க்கு எளிதில் இரையாகும் குதிரையேதான். வலுக்குறைத்த நஞ்சைச் சிறுகச் சிறுக ஏற்றிப் பழக்கி, அதன் குருதியிலிருந்து அம்மருந்தை வடித்தெடுத்தனர்.