"நீங்க உக்காருங்கப்பா, நான் பாத்துக்கறேன்"

வெளிமாநிலத்தில் குடும்பம் நடத்தும் நம் எல்லோர் வீட்டிலும் தினம் ஒரு தடவையாவது கேட்கும் வசனம் இது. அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார், அம்மாவுக்கு முட்டிவலி, ஊரில் இரண்டு பேரும் தனியாக இருக்க வேண்டாம் என்று தில்லிக்கோ புனாவுக்கோ அழைத்து வந்துவிடுகிறோம். வந்த மறுநாளே ஆரம்பித்துவிடும். பால் ஃபோனில் சொன்னால் வந்துவிடும். காய்கறி பத்து நிமிஷத்தில் வந்துவிடும். மருந்து, கரண்ட் பில், பேங்க் எல்லாம் நம் செல்ஃபோனில். அவர்கள் உட்கார்ந்தால் போதும்.

நல்ல எண்ணம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாற்பது வருஷம் ஒரு வீட்டை நடத்திய மனுஷரை இரண்டே வாரத்தில் விருந்தாளி ஆக்கிவிடுகிறோம் என்பது என் கட்சி. விருந்தாளி எத்தனை நாள் தங்குவார்? எங்கள் குடியிருப்பில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் எட்டே மாதத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார். "குளிர் ஒத்துக்கலை" என்று காரணம் சொன்னார்கள். அவர் கிளம்பியது மே மாதம்!

கடைக்குப் போவது சாமான் வாங்குவதற்கு மட்டும் இல்லை. ஒரு ஊர் நமக்குப் பழகுவதே அப்படித்தான். எங்கள் மயூர் விஹாரில் மதர் டெய்ரி பூத் இருக்கிறது. டோக்கன் பால் என்று கேட்டால் நாம் கொண்டுபோகும் பாத்திரத்தில் மெஷினில் பிடித்துக்கொள்ளலாம், பாக்கெட்டை விட விலையும் குறைவு. எங்கள் வீட்டில் அது அப்பாவின் டிபார்ட்மென்ட். தூக்கை எடுத்துக்கொண்டு போவார். அந்த வரிசையில் நிற்கும் பாதிப் பேர் அவர் வயதுக்காரர்கள். ஒரு பஞ்சாபி பெரியவரும் இவரும் அரைகுறை இந்தியும் அரைகுறை இங்கிலீஷுமாக தினம் அரைமணி நேரம் பென்ஷன் பற்றிப் பேசுகிறார்கள். எந்த ஆப் இதைக் கொண்டுவந்து கொடுக்கும்?

அம்மாவுக்கு வாரச் சந்தை. தில்லியில் புதன்கிழமை கூடினால் புத் பஜார், திங்கள் கூடினால் சோம் பஜார். அங்கே சீதாஃபல் கேட்டால் பூசணிக்காயை வெட்டித் தருவார்கள். நம்மூர் சீத்தாப்பழம் வேண்டுமென்றால் ஷரீஃபா என்று கேட்க வேண்டும். இதை அம்மாதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார் :-) இந்தி எண்கள்தான் கஷ்டம். நூறு வரை ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். பைந்தீஸா பைந்தாலீஸா என்று குழம்பினால் பத்து ரூபாய் போச்சு. போகட்டும். கொசுறாகக் கொத்தமல்லியும் பச்சைமிளகாயும் வாங்காமல் அவர் வருவதில்லை.

அடுத்தது காகித வேலை. இங்கேதான் நாம் ரொம்பவே கையை நீட்டிவிடுகிறோம். அப்பா மத்திய அரசு பென்ஷன்காரர். வருஷா வருஷம் நவம்பரில் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்க வேண்டும். (80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம்.) 2014-ல் ஜீவன் பிரமாண் வந்தது, 2021-ல் முகத்தைக் காட்டினாலே போதும் என்ற வசதியும் வந்துவிட்டது. அவர் முகத்துக்கு நேரே நாம் ஃபோனைப் பிடித்தால் ஐந்து நிமிஷ வேலை. நான் சொல்வது, ஃபோன் அவர் கையிலேயே இருக்கட்டும். இல்லை, பேங்குக்கே போகிறேன் என்றால் போகட்டும். பென்ஷன் தரும் பேங்கின் எந்தக் கிளையிலும் கொடுக்கலாம், சொந்த ஊர்க் கிளைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை.

ஆதார் முகவரி இன்னொரு கூத்து. வீடு நம் பெயரில், கேஸ் நம் பெயரில், கரண்ட் நம் பெயரில். அவர்களுக்கு இந்த ஊரில் ஒரு காகிதமும் கிடையாது. இதற்காக 2023 ஜனவரியில் குடும்பத் தலைவர் வழியாக முகவரி மாற்றும் முறை வந்தது. உறவைக் காட்டும் ஆவணம் வேண்டும், நம் பாஸ்போர்ட்டில் பெற்றோர் பெயர் இருக்குமே, அது போதும். பிறகு குடும்பத் தலைவர் சம்மதம் தர வேண்டும். அதாவது அப்பாவுக்கு நான் குடும்பத் தலைவன்! உபயோகமான வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வார்த்தையை ஸ்க்ரீனில் படிக்கும்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தால் போதும், நான் சொல்லவருவது புரிந்துவிடும். காகிதத்தில் அது தவிர்க்க முடியாதது. வீட்டுக்குள்ளும் அப்படியே ஆக வேண்டுமா?

"விழுந்துட்டா யார் பாக்கறது? எவனாவது ஏமாத்திட்டா?" என்று கேட்பீர்கள். நியாயமான பயம். தில்லியில் நவம்பரில் காற்று மோசமாக இருக்கும் நாட்களில் காலை நடை வேண்டாம், வெயில் வந்தபின் போகட்டும், ரொம்ப மோசமென்றால் அன்று லீவு. சட்டைப்பையில் நம் நம்பரும் வீட்டு முகவரியும் இந்தியில் எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும். டிஜிட்டல் அரெஸ்ட் என்று சட்டத்தில் ஒன்றுமே இல்லை என்பதையும், பணம் போனால் உடனே கூப்பிட வேண்டிய எண் 1930 என்பதையும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுங்கள். பேங்க் கணக்கோடு அவர்கள் நம்பரே இணைந்திருக்கட்டும். நம் நம்பரைக் கொடுத்துவிட்டால், சொந்தப் பணத்தை எடுக்க ஆபீஸில் மீட்டிங்கில் இருக்கும் பிள்ளையிடம் ஓடிபி கேட்டு நிற்க வேண்டும். இதைவிடவா ஒரு அவமானம்?

முடியாதவர்களை அலைய விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. படுக்கையில் இருப்பவருக்கு எல்லாம் நாம்தான் செய்ய வேண்டும், செய்வோம். நடக்க முடிந்தவரை, கணக்குப் பார்க்க முடிந்தவரை, ஒரு வேலையாவது முழுக்க அவர்கள் பொறுப்பில் இருக்கட்டும். தப்பான பிராண்டு வாங்கி வந்தால் முணுமுணுக்காமல் சமையுங்கள். இரண்டு ரூபாய் அதிகம் கொடுத்துவிட்டு வந்தால் கேட்காதீர்கள். நாம் இந்த ஊருக்கு வந்த புதிதில் ஏமாறாத ஏமாற்றமா? அப்போது யாரும் நம்மை உட்கார வைக்கவில்லையே.