ஓவர்டிராஃப்ட் தெரிஞ்சவனுக்கு ஓவர்டிரைவ் தெரியாதா?

எழுதி ரொம்ப நாளாச்சு. சாகண்ல பேங்க் உத்தியோகம்னா சும்மாவா? மாசம் பொறந்தா ஃபேக்டரி சம்பளக் கணக்கு, இப்ப மார்ச் முடிவு வேற. ஆனா பொங்கல் விழாவுல நடந்த ஒரு விஷயம் நெஞ்சுக்குள்ள முள்ளா நிக்குது. கொட்டித் தீர்த்துடறேன்.

நம்ம பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருஷா வருஷம் பொங்கல் வைக்கறோம். இந்த வருஷம் என் பொண்ணு (பத்தாவது படிக்கறா) எலெக்ட்ரிக் கிட்டார் வாசிச்சா. பாதிப் பாட்டுல ஒரு பெரியவர் மேடை ஓரமா வந்து, "பாப்பா, அந்த கொர்ர்ர் சத்தத்தை நிறுத்திட்டு சுத்தமா வாசிம்மா"ன்னுட்டார். புள்ள காலால ரெண்டு பெடலையும் அணைச்சுட்டு மீதியை வாசிச்சு முடிச்சா. கீழ இறங்கினதும் என்கிட்ட வந்து, "நல்லா வாசிக்கறா சார், அந்த இரைச்சல் மட்டும் வேணாமே"ன்னார். நான் வழக்கம்போல பல்லைக் காட்டிட்டு வந்துட்டேன். அந்தக் கோபம்தான் இது.

வீட்டுக்கு வந்தா அடுத்த அடி. "அப்பா, சவுண்ட் சரியில்ல, மூணாவது பெடல் வேணும்." தங்கமணி என்னை முறைக்க, நான் சுவத்தைப் பார்க்க...

யோசிச்சுப் பார்த்தா பெரியவரும் பொண்ணும் ஒரே தப்பைத்தான் பண்றாங்க. ரெண்டு பேருக்கும் ஓவர்டிரைவ்னா அளவு. அவருக்கு அது அதிகம், இவளுக்கு அது பத்தலை. நான் சொல்றேன், அது அளவே இல்ல. விரலோட விஷயம்.

பி.காம் படிச்சவன் பாஷையிலேயே சொல்றேனே. ஆம்புக்கு ஒரு சாங்ஷன் லிமிட் உண்டு. அதுக்குள்ள வர்ற சிக்னல் அப்படியே பெருசாகிப் போகும். லிமிட்டுக்கு மேல கேட்டா அலையோட உச்சி மழுங்கும். அந்த மழுங்கல்லதான் புது மேல்சுரங்கள் பொறக்குது, அதைத்தான் நாம கரகரப்புன்னு கேக்கறோம். அந்தக் காலத்துல இதுக்கு வால்வு ஆம்பை முழுசாத் திருகணும், தெருவே கூடிடும். பெடல் வந்ததும் அதே வேலையை ரெண்டு டயோடு சின்ன சத்தத்திலேயே பண்ணிடுது. ஃப்ளாட்டுல குடியிருக்கறவங்களுக்கு வரப்பிரசாதம். பாஸ் எஸ்டி-1 வந்தது 1981ல, ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் டிஎஸ்9 1982ல. நாற்பது வருஷம் தாண்டியும் உலகம் இந்த ரெண்டு குடும்பத்தையும் விடலை.

இப்ப ரெண்டு பெடலை அடுக்கினா? முதல் பெடல் சிக்னலைப் பத்து மடங்காக்குது, ரெண்டாவதும் பத்து மடங்காக்குதுன்னு வைங்க. மொத்தம் இருபது இல்ல, நூறு. கூட்டுவட்டி மாதிரி! ஆனா லிமிட் அதேதான், உச்சி அதுக்கு மேல போகாது. அப்ப எது ஏறும்? மெதுவா வாசிச்ச சுரம் ஏறும். தேய்ஞ்சு போற சுரத்தோட வால் ஏறும். கிட்டார் கம்பியைச் சுண்டினா ஒரு நொடி பளீர்னு கேட்டுட்டு உடனே தேய ஆரம்பிச்சுடும். கம்பியை இழுத்து ஒரு கமகம் பிடிக்கறதுக்குள்ள சுரம் செத்துடும். ஓவர்டிரைவ் அந்த சுரத்துக்கு ஆயுசு குடுக்குது. என் பொண்ணு பெடலை மிதிச்சது இதுக்காகத்தான், பெரியவரே! நீங்க நிறுத்தச் சொன்னப்ப கூடவே நின்னது கமகம்.

இன்னொண்ணும் கேக்கணும். தம்புராவுல குதிரை மேல கம்பிக்கு அடியில ஒரு நூலை வெச்சு, மயிரிழை மயிரிழையா நகர்த்தி ஜீவா பிடிக்கறாங்களே, அது எதுக்கு? அந்த நூலை எடுத்துட்டா சுரம் "சுத்தமா"த்தான் இருக்கும், ஆனா சப்புன்னு போயிடும். நூல் சரியா உக்காந்தா ரீங்காரம் பொங்கும், அதுக்குப் பேரே ஜீவன். ரெண்டும் ஒரே இயக்கம்னு நான் சொல்லலை. அங்க குதிரையில நடக்குது, இங்க டயோடுல. ஆனா சுரத்தைக் கொஞ்சம் கரகரப்பாக்கினாத்தான் உயிர் வரும்ங்கறது நம்ம பாட்டன் முப்பாட்டனுக்கே தெரியும். கல்யாணத்துல காதுக்குப் பக்கத்துல நாகஸ்வரம் வாசிச்சா இரைச்சல்னு எவனாவது எழுந்து போறானா?

ராணிப்பேட்டைல பொறந்து, சென்னை ஐ.ஐ.டி.ல கப்பல் கட்டற படிப்பு படிச்ச பிரசன்னா கர்நாடக சங்கீதத்தை எலெக்ட்ரிக் கிட்டார்ல வாசிக்கறார். 2006ல ஜிமி ஹென்ட்ரிக்ஸுக்குக் காணிக்கையா 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்'னு ஒரு ஆல்பமே போட்டார். நம்ம தாளவாத்தியமும் கரகரக்கற கிட்டாரும் ஒண்ணா உக்கார முடியாதுங்கறவங்க அதைக் கேட்டுட்டு வாங்க, பேசலாம்.

சரி, நியாயத்தையும் சொல்லிடணும். அன்னிக்கு மேடையில கேட்டது நிஜமாவே கொடூரமாத்தான் இருந்துச்சு. தகர டப்பாவுக்குள்ள வண்டு புகுந்த மாதிரி. காரணம் பெடல் இல்ல. மேடையில கிட்டார் ஆம்பே இல்லாம, பெடல்லேர்ந்து வயரை நேரா மிக்சர்ல சொருகிட்டோம். கிட்டார் ஆம்ப்ல இருக்கற பன்னெண்டு இன்ச் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸ் வாக்குல மேல போகப் போக சத்தத்தைத் தானே அமுக்கிடும். விழா ஸ்பீக்கர் அப்படி இல்ல, ட்வீட்டர் எல்லாத்தையும் அப்பட்டமாத் துப்பிடும். நடுவுல ஒரு கேபினெட் சிமுலேட்டர் வெச்சிருக்கணும், இல்ல ஒரு சின்ன ஆம்பை வெச்சு முன்னாடி மைக் பிடிச்சிருக்கணும். இது தெரிஞ்சிருக்க வேண்டியவன் நான். காலேஜ்ல லைட் மியூசிக் குரூப்ல வாசிச்சவன், ரிச்சி ஸ்ட்ரீட்ல பார்ட்ஸ் வாங்கி சிநேகிதன் சோப்பு டப்பாவுல சால்டர் பண்ணிக் குடுத்த பெட்டியை மிதிச்சவன். மறந்துட்டேன். சொந்த செலவுல சூன்யம்னா இதுதான்.

இப்ப பொண்ணு பக்கம் வர்றேன். அவ கேக்கற மூணாவது பெடல், க்ளான் சென்டார்னு ஒரு பெடலோட நகல். அசலை பில் ஃபின்னகன்ங்கறவர் 1994ல கொண்டுவந்தார். இன்னிக்குப் பழைய பெடல் ஒண்ணு ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகுது. பின்னாடி அவரே கேடிஆர்னு இன்னொண்ணு பண்ணப்ப, இந்த அபத்தமான ஆரவாரத்தை நான் கிளப்பலைங்கற அர்த்தத்துல அதோட மூஞ்சியிலேயே அச்சடிச்சு வித்தார். செஞ்ச மனுஷனே அப்படிச் சொல்றார், நம்ம ஆளுங்க ஈ.எம்.ஐ. போட்டு வாங்கறாங்க. லோன் குடுக்கற சீட்டுல உக்காந்துட்டு நான் இதைச் சொல்லக்கூடாதுதான் :-)

மூணாவதும் பத்து மடங்குன்னா ஆயிரம் ஆச்சு. கம்பியோட ஆயிரம் மட்டுமில்ல, பிக்கப் பிடிக்கற ட்யூப்லைட் இரைச்சலுக்கும் ஆயிரம். விரலை மெதுவா வெச்சாலும் அழுத்தி வெச்சாலும் ஒரே சத்தம் வரும். எந்த விரலுக்காக ஆரம்பிச்சோமோ அந்த விரலே காணாமப் போயிடும்.

ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவளை உக்காத்தி வெச்சேன். ரெண்டு பெடல்லயும் டிரைவ் நாபைக் கால்வாசிக்குக் கீழ வெச்சோம். டியூப் ஸ்க்ரீமர் வகைப் பெடல் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழ இருக்கற கனத்தைக் குறைச்சுட்டுத்தான் மழுக்க ஆரம்பிக்கும். அதை முன்னாடி வெச்சு எஸ்டி-1ஐத் தள்ளினா சத்தம் இறுக்கமா, தெளிவா வருது. மாத்தி வெச்சு, பின்னாடி வர்றதுல லெவலை மட்டும் ஏத்தினா கரகரப்பு பெருசா ஏறாம சத்தம் ஏறுது. சோலோ வாசிக்க அது. அதே லெவலை முன்னாடி இருக்கற பெடல்ல ஏத்திப் பார்த்தா சத்தம் கொஞ்சம்தான் ஏறுது, கரகரப்புதான் ஏறுது. ஒரே நாபு, இடம் மாறினா வேற வேலை! ஒரே பெடலை முழுசாத் திருகறது ரசத்துல நாலு மிளகாயைக் கிள்ளிப் போடற மாதிரி. ரெண்டை அளவா அடுக்கறது கொஞ்சம் மிளகு, கொஞ்சம் மிளகாய். தங்கமணியே அடுப்படியிலேர்ந்து எட்டிப் பார்த்து, "இது நல்லாருக்கே, வீணை மாதிரி இழுக்குது"ன்னா. கிட்டாரோட வால்யூமைக் கொஞ்சம் குறைச்சா கரகரப்பு தானா விலகுது, ஏத்தினா திரும்ப வருது. காலையே தூக்க வேண்டாம். பொண்ணு ஒரு மணி நேரம் அந்த ஒரு நாபையே திருகிட்டிருந்தா. மூணாவது பெடல் பேச்சு அன்னிக்கு வரலை. அடுத்த வாரம் வரலாம், தெரியாது.

சித்திரைப் புத்தாண்டு விழாவுக்குப் பத்து நிமிஷம் வேணும்னு கேட்டிருக்கேன். ஆம்பை நானே வண்டியில ஏத்திட்டு வர்றேன், மைக் மட்டும் குடுங்கன்னும் சொல்லியிருக்கேன். பெரியவர் "பார்க்கலாம் சார்"னார். இன்னும் பதில் வரலை.