திரும்பி வந்ததாம் ரோலர் ஸ்கேட்டிங்!

அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை "ரோலர் ஸ்கேட்டிங் திரும்பி வந்துவிட்டது" என்று ஒரு கட்டுரை போடுவார்கள். கூடவே ஒரு படம். வண்ண விளக்குகளுக்கு நடுவே, பளபளக்கும் உடையில், காலில் சக்கரங்களோடு ஒரு பெண் சிரித்துக்கொண்டிருப்பாள். இந்த அலை பெரிதாக அடித்தது 2020இல். கொரோனாவுக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் டிக்டாக்கில் ஸ்கேட்டிங் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து, கடைகளில் இருப்பு தீர்ந்து போகும் அளவுக்கு ஸ்கேட்ஸ் வாங்கித் தள்ளினார்கள். வழக்கம்போலக் கட்டுரைகளும் வந்தன.

போனால்தானே திரும்பி வருவதற்கு? அது எங்கேயும் போகவில்லை என்பதுதான் உண்மை. சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் பிலடெல்பியாவிலும் அட்லாண்டாவிலும் கறுப்பின மக்கள் வாரம் தவறாமல் ஸ்கேட்டிங் அரங்குகளுக்குப் போய் ஆடிக்கொண்டேதான் இருந்தார்கள். எழுதுகிறவர்கள் அந்தப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான். இதை வெறும் கவனக்குறைவு என்று விட்டுவிட முடியாது. "இது போய்விட்ட ஒன்று" என்று ஊரே நினைத்துக்கொண்டால், ஓர் அரங்கை இடித்துவிட்டுக் கிடங்கு கட்டும்போது யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அப்படித்தான் நடந்தும் இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பழைய கதை. காலில் சக்கரம் கட்டிக்கொள்ளும் ஆசை ஐரோப்பாவில் 18ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஜான் ஜோசப் மெர்லின் என்ற கருவி செய்யும் கலைஞர் லண்டனில் ஒரு விருந்தில் சக்கரங்களை மாட்டிக்கொண்டு வயலின் வாசித்தபடியே நுழைந்தார், நிறுத்தத் தெரியாமல் ஒரு பெரிய கண்ணாடியில் போய் மோதினார் என்று சொல்வார்கள். அவர் திறமையைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் காலத்துச் சக்கரங்கள் நேராக ஓடுவதற்கு மட்டுமே லாயக்கு. வளையவும் வராது, சட்டென்று நிற்கவும் வராது.

இதை மாற்றியவர் நியூயார்க்கில் மேசை நாற்காலி வியாபாரம் செய்துவந்த ஜேம்ஸ் பிளிம்ப்டன். 1863இல் அவர் காப்புரிமை பெற்ற ஸ்கேட்டில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு சக்கரங்கள். காலணிப் பலகைக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு ரப்பர் மெத்தை. உடம்பை ஒரு பக்கம் சாய்த்தால் ரப்பர் அந்தப் பக்கம் அமுங்கும், அச்சு திரும்பும், ஆள் அழகாக வளைந்து போவார். அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் இந்தச் சின்ன ரப்பர் துண்டு இல்லாவிட்டால் ரோலர் ஸ்கேட்டிங் நடனம் என்ற ஒன்றே இல்லை. நேர்கோட்டில் மட்டும் ஓடும் காலை வைத்துக்கொண்டு யாரால் ஆட முடியும்? இன்றைக்கு அரங்குகளில் ஆடுகிறவர்கள் காலில் இருப்பதும் அடிப்படையில் பிளிம்ப்டனின் அதே ஏற்பாடுதான்.

பிளிம்ப்டன் நல்ல வியாபாரியும்கூட. ஸ்கேட்ஸை விற்காமல் வாடகைக்கு விட்டார். 1866இல் பணக்காரர்கள் கோடை விடுமுறைக்கு வரும் நியூபோர்ட் நகரில் அட்லாண்டிக் ஹவுஸ் என்ற விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தையே சறுக்கு அரங்கமாக மாற்றினார். இது கண்ணியமான குடும்பத்தார் பொழுதுபோக்கு, கண்டவர்களும் வரக்கூடாது என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் பலிக்கவில்லை. காப்புரிமைக் காலம் முடிந்து 1880களில் தொழிற்சாலைகள் மலிவாகச் செய்யத் தொடங்கியதும் சின்னச் சின்ன ஊர்களில்கூட அரங்குகள் முளைத்தன. 1884இல் லெவன்ட் ரிச்சர்ட்சன் சக்கரத்துக்குள் எஃகு பால் பேரிங் வைக்கக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு சக்கரம் உருள்வதற்குத் தனியாகப் பலம் போட வேண்டியதில்லை. 1902இல் சிகாகோ கொலீசியத்தில் அரங்கு திறந்த முதல் இரவில் 7000 பேருக்கு மேல் கூடினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சினிமாவும் சும்மா இருக்குமா? சாப்ளின் 1916இல் 'தி ரிங்க்' எடுத்தார். 1936இல் வந்த 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் கண்ணைக் கட்டிக்கொண்டு, விளிம்பில்லாத மாடியில் அவர் சறுக்கும் காட்சியைப் பார்த்து மூச்சைப் பிடித்துக்கொள்ளாதவர்கள் இருக்க முடியாது. அடுத்த வருடமே ஃபிரெட் அஸ்டேரும் ஜிஞ்சர் ரோஜர்ஸும் 'ஷால் வீ டான்ஸ்' படத்தில் சக்கரக் காலோடு ஜோடி ஆட்டம் போட்டார்கள்.

அதே 1937இல் டெட்ராய்ட்டில் அரங்கு உரிமையாளர்கள் ஒன்று கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். அடிதடிக்கும் அரட்டைக்கும் பேர்போன இடம் என்ற கெட்ட பெயரைத் துடைப்பது அவர்களின் முக்கியக் கவலை. சிகாகோவில் லியோ செல்ட்சர் 1935இல் தொடங்கிய ரோலர் டெர்பி, ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளும் ஆட்டமாக மாறிக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்த நேரம் அது. அதற்கு எதிர்ப்பக்கமாக நின்றது நடனம். ஹேமண்ட் ஆர்கன் இசைக்கு வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், டாங்கோ. இத்தனையாவது தாளத்துக்கு இந்தக் கால், இந்த விளிம்பு என்று எழுதி வைத்த அடவுகள். தேர்வுகள், பதக்கங்கள், நடுவர்கள். ஒரு பொழுதுபோக்குக்கு மரியாதை தேடிக்கொடுத்த வேலை இது, மறுக்க முடியாது. பார்க்கவும் அழகுதான். ஆனால் அந்த மரியாதையில் எல்லோருக்கும் பங்கு இல்லை.

ஏனென்றால் அமெரிக்காவின் பெரும்பாலான அரங்குகளில் கறுப்பினத்தவர் உள்ளே நுழைய முடியாது. தென் மாநிலங்களில் மட்டும் இல்லை, வடக்கிலும் அதே கதைதான். சிகாகோவின் தென்பகுதியில் இருந்த வொயிட் சிட்டி அரங்கு (பெயரைப் பாருங்கள்!) சுற்றிலும் கறுப்பின மக்களே குடியேறிவிட்ட பிறகும் அவர்களை உள்ளே விடவில்லை. 1942இல் அதே ஊரில் பிறந்த கோர் என்ற சமத்துவ இயக்கம் வாசலில் நின்று போராடி 1946இல்தான் கதவைத் திறக்க வைத்தது. பல இடங்களில் ஒரு சமாதான ஏற்பாடு இருந்தது. வாரத்தில் ஒரே ஒரு இரவு மட்டும் கறுப்பினத்தவருக்கு. மற்ற ஆறு நாளும் அதே பலகை, அதே சக்கரம், அதே காசு, ஆனால் வாசலோடு சரி.

1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசிய அந்தப் பெரிய பேரணிக்கு லெட்ஜர் ஸ்மித் என்ற ஸ்கேட்டர் சிகாகோவிலிருந்து போய்ச் சேர்ந்தது எப்படித் தெரியுமா? ரோலர் ஸ்கேட்ஸில்! ஏறத்தாழ 700 மைல், பத்து நாள். மார்பில் 'ஃப்ரீடம்' என்று எழுதிய பட்டை. விடுதலைப் போராட்ட வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு வேடிக்கைச் செய்தியாக ஓரத்தில் போட்டுவிட்டுப் போகிறார்கள். அரங்கு வாசலில் நிறுத்தி வைக்கப்பட்ட ஒரு சமூகத்தின் ஆள், அதே சக்கரத்தில் நாட்டின் தலைநகரத்துக்கே போனார் என்று அதைப் படித்தால் வேறு மாதிரி தெரிகிறது.

இனி புரூக்லினுக்கு வரலாம். அங்கே எப்பட்ஸ் ஃபீல்ட் பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்தில் 1941இல் எம்பயர் ரோலர்டிரோம் திறந்தது. 1947இல் ஜாக்கி ராபின்சன் இறங்கி விளையாடி நிறத்தடையை உடைத்தாரே, அதே மைதானம். 1957இல் அந்த மைதானத்தின் டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மூட்டை கட்டியது. அதே வருடம் டெட்ராய்ட்டில் ஸ்கேட்டிங் கற்ற பில் பட்லர் என்ற இளைஞர் எம்பயருக்குள் வந்தார். அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஆர்கன் இசை. பட்லர் கையில் ஒரு ஜாஸ் இசைத்தட்டு. அதைப் போடச் சொல்லி ஆடிக் காட்டினார். எழுதி வைத்த அடவு எதுவும் இல்லை. தாளத்தின் இடைவெளிக்குள் புகுந்து, குனிந்து, திரும்பி, பின்னால் போய், குறுக்கே காலைப் போட்டு வெளியே வருவது. இந்த ஆட்டத்தை அவர் பல வருடங்கள் பலருக்குச் சொல்லிக்கொடுத்தார். 1970களில் டிஸ்கோ வந்தபோது எம்பயரில் அதற்கான கால்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. ஹாலிவுட் அதைக் கண்டுபிடித்து 1979இல் 'ரோலர் பூகி', 1980இல் 'சானடு' என்று படம் எடுத்தது. படங்களின் கதாநாயக ஜோடிகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டம் எங்கே இருந்து வந்தது என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

டிஸ்கோ ஓய்ந்ததும் பத்திரிகைகள் கதையை முடித்துவிட்டன. ஆட்டம் முடியவில்லை. சிகாகோவில் ஜேம்ஸ் பிரவுன் இசைக்கு ஆடும் ஆட்டத்துக்கு அவர் பெயரின் முதலெழுத்துகளாலேயே 'ஜேபி' என்று பெயர். பிலடெல்பியாக்காரர்களுக்குப் பின்பக்கமாகவே வேகமாகப் போவதில் பெருமை. டெட்ராய்ட்டுக்கு ஒரு வழுக்கல், அட்லாண்டாவுக்கு ஒரு துள்ளல். தெரிந்தவர்கள் ஓர் ஆள் அரங்கை ஒரு சுற்று வருவதைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுவார்கள். நம் ஊரில் பேச்சை வைத்து நெல்லையா கோவையா என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. வட்டார வழக்கு நாக்கில் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

2018இல் வந்த 'யுனைடெட் ஸ்கேட்ஸ்' என்ற ஆவணப்படம் இந்த உலகத்தைக் காட்டியது. இன ஒதுக்கல் சட்டப்படி ஒழிந்து அரை நூற்றாண்டு ஆன பிறகும் அது வேறு பெயர்களில் அரங்குகளுக்குள் இருப்பதையும் காட்டியது. அட்டவணையில் 'அடல்ட் நைட்', 'சோல் நைட்' என்று போட்டிருக்கும். யாருக்கான இரவு என்று வருகிறவர்களுக்குத் தெரியும். வாசலில் சோதனை, காவலர்கள், சின்னச் சக்கரம் கூடாது என்று விதி. வழுக்கி ஆடுவதற்குச் சின்னதும் கடினமானதுமான சக்கரம்தான் தோது என்பது உரிமையாளருக்குத் தெரியாதா? சக்கரத்தைத் தடை செய்தால் ஆட்களைத் தடை செய்ததாக ஆகாது பாருங்கள்!

உரிமையாளர்கள் எல்லோரையும் வில்லன்களாக்குவதும் நியாயமில்லை. பல அரங்குகள் தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துபவை. ஆயிரக்கணக்கான சதுர அடியில் மேப்பிள் மரத்தளம் போட்டு, அதை மெருகு குறையாமல் காத்து, கீழே விழுபவர்களுக்காகக் காப்பீடும் கட்ட வேண்டும். நுழைவுக் கட்டணம் என்னவோ சில டாலர்கள்தான். நிலத்தின் விலை ஏறும்போது எந்தக் கணக்குப் போட்டாலும் விற்பதுதான் லாபம். எம்பயர் 2007இல் மூடப்பட்டது. அந்த இடம் சாமான்கள் போட்டு வைக்கும் வாடகைக் கிடங்கானது. மன்ஹாட்டனில் இருந்த ராக்ஸியும் அதே வருடம் மூடியது. லாஸ் ஏஞ்சல்ஸில் வேர்ல்ட் ஆன் வீல்ஸ் 2013இல் மூடியது.

லாபம் இல்லாவிட்டால் மூடத்தானே வேண்டும் என்பார்கள். நூலகத்திடமும் பூங்காவிடமும் நகரங்கள் அப்படிக் கேட்பதில்லையே! ஆறு வயதுப் பிள்ளையும் அறுபது வயதுப் பாட்டியும் ஒரே தளத்தில், ஒரே இசைக்கு, மது இல்லாமல், துணை தேட வேண்டிய கட்டாயம் இல்லாமல் ஆடக்கூடிய இடம் ஒரு நகரத்தில் எத்தனை இருக்கும்? இசை அரங்குக்கும் அருங்காட்சியகத்துக்கும் பொதுப்பணம் போகிறது. ஒரு மரத்தளத்தைக் காப்பாற்றப் போனால் மட்டும் அது தனியார் வியாபாரம் ஆகிவிடுகிறது. இரண்டு வகை ஆட்டத்தில் எதைக் கலை என்று எண்ணுகிறார்கள் என்பதில்தான் இந்த வித்தியாசம் தொடங்குகிறது.

2022இல் ராக்ஃபெல்லர் சென்டரில் டிஸ்கோ பாணியில் ஓர் அரங்கு திறந்தார்கள். 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இடைவேளையில் அஷர் ஸ்கேட்ஸ் கட்டிக்கொண்டு பாடி ஆடினார், உலகமே பார்த்தது. அவர் வளர்ந்த அட்லாண்டாவில் கேஸ்கேட் என்ற அரங்கு எத்தனை பெயர்பெற்றது என்றால், அதைச் சுற்றி 2006இல் 'ஏடிஎல்' என்ற படமே எடுத்தார்கள். ஆக, அஷர் எதையும் திரும்பக் கொண்டுவரவில்லை. ஊரில் நடப்பதை மேடைக்குக் கொண்டுபோனார்.

அரங்கு பறிபோனவர்களில் சிலர் நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்குப் போகிறார்கள். அங்கே மரங்களுக்கு நடுவே ஒரு தார்த்தளம். ஆட்டத்துக்கு இடைஞ்சல் வந்தபோது 1995இல் ஆட்டக்காரர்களே சங்கம் வைத்து அந்த இடத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். வசந்தம் முதல் அக்டோபர் வரை வார இறுதிகளில் இசை போட்டு ஆடுகிறார்கள். கட்டணம் கிடையாது, வாசலில் சோதனை கிடையாது, யாரும் சக்கரத்தை அளப்பதும் கிடையாது. மேப்பிள் மரத்தின் வழுக்கல் தாரில் வராது. மழை பெய்தால் அன்றைக்கு ஆட்டமும் இல்லை.