கூட்டில் எத்தனை குஞ்சு?

கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கிடக்கும்போது, தண்ணீர் நடுவே பட்டுப்போன மரக்கிளையில் பருந்து போன்ற ஒரு பறவை உட்கார்ந்திருப்பதைக் கரையோர விவசாயிகள் சிலர் பார்த்திருக்கக்கூடும். வயிறு வெள்ளை; கண்ணை ஒட்டிக் கருப்புப் பட்டை. கால்களை முன்னே நீட்டித் தண்ணீரில் விழும், மீனோடு எழும்பும். விராலடிப்பான் என்று அதற்குப் பெயர். குளிர்காலத்துக்கு மட்டும் தமிழ்நாட்டுக்கு வந்துபோகும் பறவை அது. கூடு கட்டுவதும் குஞ்சு பொரிப்பதும் இங்கே இல்லை.

இதே இனப் பறவை அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் ஏராளமாகக் கூடு கட்டுகிறது. பறவைக் கூட்டை எட்டிப் பார்ப்பது வேலையற்றவன் வேலை என்று சொல்பவர்கள் அங்கே நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நியூயார்க்குக்கும் பாஸ்டனுக்கும் இடைப்பட்ட கரையில் 1940களில் சுமார் 1,000 கூடுகள் இருந்தன. 1960களின் இறுதியில் சுமார் 150 தான் மிஞ்சின. பறவைகள் வந்தன, கூடு கட்டின, முட்டையும் இட்டன. குஞ்சுதான் இல்லை. மரநாய் போன்ற விலங்குகள் முட்டையைத் தின்றிருக்கும் என்று எண்ணி, கனெக்டிகட் ஆற்று முகத்துவாரத்தில் கம்பம் நட்டு, மேலே பலகை அடித்துக் கூட்டுக்கு இடம் செய்து கொடுத்தார்கள். அப்போதும் முட்டை பொரியவில்லை.

பால் ஸ்பிட்சர் என்ற இளைஞர் 1968லும் 1969லும் ஒரு காரியம் செய்தார். தெற்கே மேரிலாந்தில் குஞ்சு நன்றாகப் பொரிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து முட்டைகளை எடுத்து வந்து கனெக்டிகட் கூடுகளில் வைத்தார். இங்குள்ளவற்றை அங்கே வைத்தார். கோழிக்கு வாத்து முட்டை வைத்து அடை காக்க விடுவது போலத்தான். மேரிலாந்து முட்டைகள் கனெக்டிகட் தாயின் அடியில் ஒழுங்காகப் பொரிந்தன. கனெக்டிகட் முட்டைகள் இடம் மாறியும் பொரியவில்லை. ஆகவே தாய் மீதும் குற்றமில்லை, கூட்டின் மீதும் குற்றமில்லை. முட்டையிலேயே கோளாறு என்பது தெளிவாயிற்று.

கோளாறு டி.டி.டி. மருந்து. கொசுவுக்காகச் சதுப்பு நிலத்தில் அடித்தார்கள். லாங் ஐலண்டில் உருளைக்கிழங்கு வயல்களிலும் அடித்தார்கள். தண்ணீரில் கலந்த அளவு மிகச் சொற்பம். பாசியைத் தின்னும் பூச்சியிலும், அதைத் தின்னும் சிறு மீனிலும், அதைத் தின்னும் பெரிய மீனிலும் அது கொழுப்பில் தங்கிப் படிப்படியாகக் கூடியது. பெரிய மீனைத் தின்ற பறவைக்கு முட்டை ஓட்டில் சுண்ணாம்புச் சத்து சரியாகச் சேரவில்லை. அடை காக்க உட்கார்ந்த தாயின் பாரத்திலேயே முட்டை நொறுங்கியது.

அமெரிக்கா 1972ல் டி.டி.டி.யைப் பெரும்பாலான உபயோகங்களுக்குத் தடை செய்தது. பின்னர் கூடுகள் மெல்லப் பெருகின. இன்று கனெக்டிகட்டில் மட்டும் பல நூறு இருக்கின்றன. இந்தியாவில் 1989ல் தான் விவசாயத்தில் அதற்குத் தடை வந்தது.

இதற்காக விவசாயியைக் குற்றவாளி ஆக்குவது நியாயமல்ல. அடி என்று சொன்னவர்கள் படித்தவர்கள். மலேரியாவை அடக்கியதில் அந்த மருந்துக்குப் பங்கு உண்டு என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டுகளில் விளைச்சலைப் பார்த்தவர்களுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. குஞ்சை எண்ணியவர்களுக்குத்தான் தெரிந்தது. வயலிலிருந்து வடிந்த தண்ணீரில் வளர்ந்த மீனைப் பறவை மட்டுமா தின்கிறது?

மருந்தைப் போலவே இப்போது இன்னொரு தொல்லை. அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் வைக்கோல் கட்டும் பிளாஸ்டிக் கயிற்றைப் பண்ணையில் அப்படியே போட்டுவிடுகிறார்கள். கூட்டுக்கு மெத்தென்று இருக்கும் என்று விராலடிப்பான் அதைத் தூக்கிப் போகிறது. குஞ்சின் காலில் கயிறு சுற்றிக்கொள்கிறது. குஞ்சு வளரும், கயிறு வளராது. கால் அறுபடும், சில குஞ்சுகள் கூட்டிலேயே தொங்கிச் சாகும். யாரும் கெடுதல் நினைத்துச் செய்ததல்ல. கூட்டைத் தொடர்ந்து பார்த்தவர்கள் எடுத்துச் சொல்லாவிட்டால் பண்ணைக்காரருக்கு இது தெரிந்தே இருக்காது.

தக்காளிக்கும் பாகல் பந்தலுக்கும் கட்டிய நைலான் கயிற்றை அறுத்து வரப்பில் வீசுவது இங்கேயும் வழக்கம். காக்கையும் மைனாவும் கண்டதையெல்லாம் கூட்டுக்குக் கொண்டுபோகிறவை. அறுத்த கயிற்றைப் போட வரப்போரம் ஒரு பழைய சாக்கு வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை.

ஏரிக்கரைக் கருவேல மரத்தில் கொக்கும் நீர்க்காகமும் கூடு கட்டும்போது, சிறு பிள்ளைகளை விட்டு எண்ணச் சொல்லலாம். மரத்தில் ஏறக்கூடாது, தாய் பறந்துவிட்டால் வெயிலில் குஞ்சு தாங்காது. தூரத்திலிருந்து பார்த்து, எத்தனை கூடு, எத்தனை குஞ்சு வெளியே பறந்தது என்று ஒரு பழைய நோட்டில் தேதியோடு குறித்தால் போதும். அதே நோட்டில், எந்த வாரம் எந்த வயலில் என்ன மருந்து அடித்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். மூன்று நான்கு வருஷக் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேளாண்மை அதிகாரி வரும்போது கேட்பதற்குக் கேள்வி இருக்கும்.